பெரும்பான்மை யூனியன விட்டுட்டு மேனேஜ்மென்ட் தனித்தனியா கையெழுத்து வாங்குது, சட்டத்துல தடுக்க வழியே இல்லையா?

கேள்விய படிச்சதுமே வயிறு எரிஞ்சுது, இதே தான் எங்களுக்கு 2016ல நடந்தது. நீங்களும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, யூனியனுக்கு இது முதல் சம்பள ஒப்பந்தம்னு நினைக்கிறேன். நான் வக்கீல் இல்ல, பிரஸ் ஷாப் ஆப்பரேட்டர், அனுபவப்பட்டத சொல்றேன்.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க. யூனியன் பதிவு பண்ண 1926லயே சட்டம் வந்துடுச்சு. ஆனா அந்த யூனியனோட முதலாளி பேசியே ஆகணும்னு தமிழ்நாட்டுல அப்ப சட்டம் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட யூனியனோட பேச மறுத்தா தப்புன்னு 1947 தொழில் தகராறு சட்டத்துல இருந்துச்சு, ஆனா அங்கீகாரம் குடுக்கறதே முதலாளி இஷ்டமா இருந்துச்சு, அப்புறம் அந்த வரி இருந்து என்ன பிரயோஜனம்? யூனியன் வைக்கறது தான் அடிப்படை உரிமை, பேரம் பேசி ஜெயிக்கறது அதுல சேராதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 1961ல பேங்க் ஊழியர் கேஸ்ல சொல்லிடுச்சு.

எங்க ப்ளான்ட்ல 430 பேர்ல 310 பேர் யூனியன். கோரிக்கை பட்டியல் குடுத்தோம், பதிலே வரல. தொழிலாளர் அதிகாரி முன்னாடி சமரச பேச்சுக்கு போனா கம்பெனி சைடுல வாய்தா மேல வாய்தா. அதுக்கு நடுவுல நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவன ஒவ்வொருத்தனா எச்.ஆர். ரூமுக்கு கூப்பிட்டாங்க. மேஜைல 18(1) பேப்பர், அதாவது அந்த 1947 சட்டத்தோட 18(1) பிரிவுப்படி சமரச அதிகாரி இல்லாம போடுற ஒப்பந்தம், பக்கத்துல அரியர்ஸ் செக், அவன் பேர் எழுதி ரெடியா. என் மெஷின்ல கூட நின்ன விழுப்புரத்து தம்பிக்கு அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணம், 42,000 ரூபா. போட்டுட்டான். வெளிய வந்து என்கிட்ட "அண்ணே, மன்னிச்சுடுண்ணே"ன்னு கைய புடிச்சான், கை பூரா எண்ணெய். அவன நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல. யூனியன்காரன்னா மத்தவன மிரட்டுவான்னு இங்க கமென்ட் போட வர்றவங்க இத ஒருக்கா படிங்க.

அப்ப இருந்த சட்டப்படி 18(1) கையெழுத்து போட்டவன மட்டும் தான் கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னாடி போடுற 12(3) ஒப்பந்தம் அப்படி இல்ல, 18(3) படி எல்லா தொழிலாளிக்கும், நாளைக்கு சேர்றவனுக்கும் சேர்த்து. அதனால தான் அங்க இழுத்தடிச்சாங்க. ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர வச்சு ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) போலாம்னு கூட கேட்டோம், அதே சட்டத்தோட 10ஏ படி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா தான், கம்பெனி மாட்டேன்னுடுச்சு. அதிகாரி சமரசம் தோத்துடுச்சுன்னு ஃபெயிலியர் ரிப்போர்ட் போட்டாரு, அதுக்கப்புறம் கேஸ அரசு தொழில் ட்ரிப்யூனலுக்கு (தீர்ப்பாயம்) அனுப்ப 14 மாசம்.

என் மச்சான் பேங்க்ல இருக்காரு. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா நாடு பூரா பேங்குகளுக்கு ஒரே ஒப்பந்தம், 2024 மார்ச்ல 17 சதவீதம் ஏத்தினாங்க. அவரே வீட்டு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் "உங்க யூனியனால தான் ஃபேக்டரி எல்லாம் வெளி மாநிலம் போகுது"ன்னு சொன்னாரு. அவர் சம்பளமும் யூனியன் போட்ட கையெழுத்து தானே, அத யார் கேக்கறது?

இப்ப நிலைமை மாறிடுச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து அந்த பழைய சட்டத்துக்கு பதிலா தொழில் உறவு சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துடுச்சு. தொழிலாளிங்கள்ல 51 சதவீதம் பேர் உறுப்பினர்னு காட்டினா கம்பெனி அந்த யூனியனோட தான் பேசணும், சமரசம் தோத்தா அரசுக்காக காத்திருக்காம 90 நாளுக்குள்ள நேரா ட்ரிப்யூனல் போலாம். ஆனா ஸ்ட்ரைக்குக்கு எல்லா ஃபேக்டரிலயும் 14 நாள் நோட்டீஸ், சமரசம் நடக்கறப்ப ஸ்ட்ரைக் கிடையாது, கம்பெனி வாய்தா வாங்கினாலும் நீங்க மெஷின ஓட்டிட்டே தான் இருக்கணும்.

அதனால இன்னிக்கே உறுப்பினர் லிஸ்ட்ட சரி பண்ணி சந்தா ரசீதெல்லாம் பத்திரமா வைங்க. கையெழுத்து போட்ட பசங்கள விரட்டாதீங்க, அவங்ககிட்ட அந்த பேப்பரோட ஜெராக்ஸ் இருந்தா வாங்குங்க. எங்க பசங்களுக்கு அத தரவே இல்ல.