விழுகிறவரின் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இது இலக்கியக் கேள்வி அல்ல, மன்னிக்கவும். தொண்ணூறுகளில் டபிள்யூ டபிள்யூ எஃப் மல்யுத்த டிரம்ப் கார்டு சேர்த்த தலைமுறை நான். 2025 ஜூலையில் ஹல்க் ஹோகன் இறந்த செய்தி வந்தபோது, அவரும் ஆந்த்ரே த ஜெயன்டும் மோதிய 1987 ரெசில்மேனியா 3 நிகழ்ச்சியை ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகனுடன் பார்த்தேன். அதே நிகழ்ச்சியில் வந்த சேவேஜ்–ஸ்டீம்போட் சண்டை அபாரம். ஆனால் 93,173 பேர் திரண்டு வந்த அந்தப் பெரிய சண்டையில் ஆந்த்ரே நின்றுகொண்டே இருக்கிறார். ஹோகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். இதையா உலகம் கொண்டாடுகிறது? அந்த இடத்தில் மகன், “அப்பா, இதெல்லாம் பொய்தானே? யார் ஜெயிப்பார் என்று முன்பே முடிவு செய்துவிடுவார்களாமே?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி, வெட்கத்தோடு டிவியை அணைத்துவிட்டேன். அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஹோகன் ஸ்டீராய்டு எடுத்தவர், நிறவெறியோடு பேசியவர் என்றும் படிக்கிறேன். அப்படிப்பட்டவருக்காக வருந்துவது சரியா?

எம்., திண்டுக்கல்

*

அன்புள்ள எம்.,

இலக்கியக் கேள்வி என்ற பெயரில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, அடுத்த விருது யாருக்கு என்பதைப் பற்றியவை. உங்களுடையது எவ்வளவோ மேல். தவிர, சில வாரங்களாக நானே தொழிலாக விழுகிறவர்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

சில்லறை விஷயங்களை முதலில் தீர்த்துவிடுகிறேன். 93,173 என்பது நிகழ்ச்சியை நடத்திய நிறுவனம் அறிவித்த எண். 78,000 பக்கம்தான் இருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எதுவானாலும் மிஷிகனின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் 1987 மார்ச் 29 அன்று மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அது போதும்.

ஹோகன் ஸ்டீராய்டு எடுத்ததை 1994இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். நிறவெறிப் பேச்சு வெளியானதும் 2015இல் நிறுவனம் அவரை விலக்கியது, 2018இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. வருத்தம் வந்தால் வருந்துங்கள். அதற்கு என்னிடம் எதற்கு அனுமதி கேட்கிறீர்கள்? அவர்மீது எனக்கு இருக்கும் கோபம் வேறு. அன்று வர்ணனை மேசையில் உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸி வென்சுரா, அதற்கு முந்தைய ஆண்டு, மல்யுத்த வீரர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று உடைமாற்றும் அறையில் பேசியவர். அதை முதலாளி வின்ஸ் மக்மேனிடம் போட்டுக்கொடுத்தவர் ஹோகன்தான் என்று பின்னால் ஒரு வழக்கின்போது தெரியவந்ததாக வென்சுரா சொல்லியிருக்கிறார். சங்கம் அமையவில்லை. இரவுக்கு இரவு முதுகு அதிர விழுந்தவர்களை ஊழியர்கள் என்றே நிறுவனம் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்பந்தக்காரர்கள் என்று எழுதிவைத்தது. டிரம்ப் கார்டில் மார்பளவு இருந்தது, பைசெப்ஸ் இருந்தது. இது இல்லை.

அடுத்து அந்தப் ‘பொய்’. துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதானே கூத்தின் படுகளத்துக்கு ஊரே திரண்டு போகிறது, அதைச் சொல்லியிருக்கலாமே என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். எனக்கே அது போதவில்லை. கூத்தில் முடிவை யாரும் ஒளிப்பதில்லை. இவர்கள் ஒளித்தார்கள். மக்மேனின் நிறுவனம் 1989இல் நியூ ஜெர்சி செனட்டின்முன், தான் நடத்துவது மெய்யான போட்டி அல்ல, வெறும் கேளிக்கை என்று சொன்னது. உண்மைமீது வந்த திடீர்ப் பாசம் அல்ல. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியும் வரியும் தொலையட்டும் என்றுதான். ஆகவே உங்கள் மகன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முடிவு செய்துவைத்ததுதான். ‘ஆமாம்’ என்றீர்களே, அதில் எனக்குக் குறையில்லை. அணைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்ன மனிதர் ஐயா நீங்கள்! இன்னும் சில நிமிடங்கள் பொறுத்திருக்கக் கூடாதா?

என் சித்தப்பா கோடம்பாக்கத்தில் ஸ்டன்ட் நடிகர். சுவரொட்டியில் முகம் வராது, டைட்டிலில் மாஸ்டரின் பெயருக்குக் கீழே ‘குழுவினர்’ என்று வரும். சமீபத்தில் அவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், “பெரியவரே, எப்போதாவது பலமாகக் கீழே விழுந்தீர்களா?” என்று கேட்டார். சித்தப்பா, “எந்தப் படத்தில் என்று கேட்கிறீர்கள் சார்?” என்றார். மருத்துவருக்குப் புரியவில்லை. சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

கேபிள் வந்த புதிதில் அவருடைய சாலிகிராமம் வீட்டில்தான் நான் மல்யுத்தம் பார்த்தேன். நாங்கள் பையன்கள் எல்லோரும் ஜெயிக்கிறவனைப் பார்ப்போம், அவர் மட்டும் தோற்கிறவனைப் பார்ப்பார். “காலைப் பாருடா, கால் தானாக எம்புகிறது பார். தூக்குகிறவனா தூக்குகிறான்? போகிறவன் போகிறான்” என்பார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஒருமுறை அவரே ஒரு கதை சொன்னார். கதாநாயகர் அவரைத் தலைக்கு மேல் தூக்கி மேசைமீது வீச வேண்டிய காட்சி. கதாநாயகருக்கோ அரிசி மூட்டையின் ஒரு முனையைத் தூக்கவும் தெம்பில்லை. சித்தப்பா அவருடைய தோளில் உள்ளங்கையை ஊன்றி, தானே எம்பி மேலே போய், அங்கே ஒரு கணம் காலை உதறிவிட்டு, பிறகு மேசை உடைய விழுந்தார். தியேட்டரில் விசில் கதாநாயகருக்கு. “அவர் கையை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான்” என்றார். புகாராகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோலத்தான் சொன்னார்.

அந்தக் கணக்கோடு ஆந்த்ரேவைப் பாருங்கள். ‘நின்றுகொண்டே இருக்கிறார்’ என்று எழுதுகிறீர்கள். நின்றதே பெரிது! 1946இல் பிரான்சில் பிறந்தவர். வளர்ச்சி ஹார்மோன் ஓயாமல் சுரக்கும் அக்ரோமெகலி நோய் அவருக்கு. ஏழடி நான்கு அங்குலம், 520 பவுண்டு என்று அறிவித்து எந்த உடம்பைக் காட்டி டிக்கெட் விற்றார்களோ, அந்த உடம்பேதான் அவருடைய மூட்டுகளையும் முதுகையும் தின்றுகொண்டிருந்தது. 1986இல் முதுகில் அறுவை சிகிச்சை. சில்வர்டோமில் கறுப்பு உடைக்குள் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். அரங்கம் பெரிது என்பதால் வீரர்களை ரிங்வரை சின்ன மோட்டார் வண்டியில் ஏற்றி வந்தார்கள். வழியெல்லாம் ஜனங்கள் ஆந்த்ரேமீது குப்பையை எறிந்தார்கள். அதற்கு முன்வரை அவரைக் கொண்டாடிய அதே ஜனங்கள். ஹோகனின் சட்டையையும் கழுத்துச் சிலுவையையும் பிய்த்து எறிந்து அவர் வில்லனாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

இப்படிப்பட்டவரை வைத்துப் பன்னிரண்டு நிமிடச் சண்டையை எப்படிக் கட்டுவது? தொடக்கத்திலேயே ஹோகன் அவரைத் தூக்கப் பார்க்கிறார். முடியவில்லை. ஹோகன் மல்லாந்து விழ, ஆந்த்ரே அவர்மேல் சரிகிறார். நடுவர் இரண்டு எண்ணி மூன்றாவதற்குக் கை இறங்கும் நேரத்தில் ஹோகன் தோளை உயர்த்துகிறார். தூக்க முடியுமா முடியாதா என்ற ஒரே கேள்வி அங்கே தொங்கவிடப்பட்டது. அந்த இடத்தில் விழுந்தவர் ஹோகன். நன்றாகவே விழுந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் துடிக்கத் துடிக்கத்தான் ஆந்த்ரே பெரியவராகிறார்.

பிறகு உங்களுக்கு அலுத்துப்போன அந்தக் கரடிப்பிடி. ஆந்த்ரே மூச்சு வாங்கிக்கொள்ள அது ஓர் இடம், மறுக்கவில்லை. அதோடு கடைசி வரிசைக்காரரையும் நினைத்துப் பாருங்கள். வேகமான வித்தை எதுவும் அவருடைய கண்வரை போய்ச் சேராது. ஒரு பெரிய உருவம் இன்னொரு பெரிய உருவத்தைப் பிழிவது சேரும். நடுவர் ஹோகனின் கையைத் தூக்கிப் பார்க்கிறார். கை தொய்ந்து விழுகிறது. மறுபடி தூக்குகிறார். அத்தனை ஆயிரம் பேரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரியாக அங்கே ரிமோட்டைத் தேடியிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு ரிங்குக்கு வெளியே ஆந்த்ரே தலையால் கம்பத்தில் மோதிக்கொள்வது, ஹோகன் பாயைச் சுருட்டிவிட்டு வெறும் கான்கிரீட்டில் அவர் தலையை இறக்கப் பார்த்துத் தானே தூக்கி எறியப்படுவது எல்லாம் உண்டு. விட்டுவிடலாம். உள்ளே வந்ததும் ஹோகனின் கை கழுத்தில் பட்டு ஆந்த்ரே அன்றைக்கு முதல்முறையாகக் கால் தவறி விழுகிறார். எழுகிறார். ஹோகன் குனிந்து அவரைத் தூக்குகிறார்.

தூக்குகிறார் என்று எழுதுகிறேன், சித்தப்பா கேட்டால் சிரிப்பார். ஆந்த்ரே சம்மதிக்காமல் அவரை ஒருவரும் அசைக்க முடியாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஹார்லி ரேஸ் தூக்கியிருக்கிறார், ஸ்டான் ஹேன்சன் தூக்கியிருக்கிறார், ஏன், ஹோகனே 1980இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார். எல்லாம் அவர் கொடுத்தது. ‘பதினைந்து ஆண்டுகளாகத் தோற்காதவர், எவராலும் தூக்கப்படாதவர்’ என்று 1987இல் விளம்பரம் செய்தது பச்சைப் பொய். (மகனிடம் பொய் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்.) முன்பு கொடுத்தபோது முதுகு நன்றாக இருந்தது. இந்த முறை, அறுவை செய்த முதுகோடு, எடையை மாற்றி ஹோகனின் தோளுக்குத் தன்னைக் கொடுத்து, காற்றில் திரும்பி, அத்தனை எடையும் தன் முதுகிலேயே வந்து இறங்கும்படி விழ வேண்டும். விழுந்தார். அடுத்து ஹோகன் கயிற்றில் மோதி ஓடிவந்து காலைக் கழுத்தின்மேல் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் முடிந்தது.

ஆந்த்ரே தோற்கச் சம்மதிப்பாரா என்பது கடைசிவரை தனக்குத் தெரியாது என்று ஹோகன் பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஹோகனின் கதைகளைத் தள்ளுபடி போட்டுத்தான் வாங்க வேண்டும், அவர் பேட்டிகளில் ஆந்த்ரேவின் எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. ஆனால் இதை நான் நம்புகிறேன். அந்த மனிதருக்குப் பிடிக்கவில்லை என்றால் வெறுமனே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் எவரால் என்ன செய்திருக்க முடியும்? ஹோகன் என்ற அந்தப் பெரிய வியாபாரம், பொம்மை, டி-ஷர்ட், உங்கள் டிரம்ப் கார்டு உட்பட, ஒருவர் முதுகு வலிக்க விழச் சம்மதித்ததால் தழைத்தது. நாற்பது ஆண்டுகளாக எல்லோரும் ‘ஹோகன் ஆந்த்ரேவைத் தூக்கிய இரவு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் ஹோகனுக்காக வருந்தலாமா என்றுதான் கேட்டீர்கள். ஆந்த்ரே 1993 ஜனவரியில், தந்தையின் இறுதிச்சடங்குக்காக பிரான்சுக்குப் போன இடத்தில், பாரிஸ் ஓட்டல் அறை ஒன்றில் 46 வயதில் இறந்துபோனார். அவருக்காக வருந்தலாமா என்று இதுவரை எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை.

சேவேஜ்–ஸ்டீம்போட் உங்களுக்குப் பிடித்ததில் வியப்பில்லை. எல்லோருக்கும் பிடிக்கும். ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே தாளில் எழுதி, எண் போட்டு, ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பாடம் செய்த சண்டை அது. ராண்டி சேவேஜுக்கு அந்தப் பித்து இருந்தது. அன்று மொத்த நிகழ்ச்சியிலும் முன்பே முடிவு செய்ததில் எல்லாவற்றையும் விஞ்சியது அதுதான். அதைப் பார்க்கும்போது மட்டும் மகன் பொய்யா என்று கேட்கவில்லை, பாருங்கள்!

அவனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? ஒன்றும் சொல்ல வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போடுங்கள், ஆந்த்ரேவின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக் கட்டிலில் தங்கையைத் தூக்கிப்போட்டுப் பயிற்சி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அது பிடித்திருந்தால் 1988 பிப்ரவரி 5 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த மறுமோதலையும் தேடிப் பாருங்கள். என்பிசி தொலைக்காட்சியில் 3 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். அதில் ஆந்த்ரே ஜெயிக்கிறார். ஜெயித்த பெல்ட்டை உடனே டெட் டிபியாசி என்ற கோடீஸ்வர வில்லனிடம் கொடுத்துவிடுகிறார். ஹோகனின் தோள் எழுந்த பிறகும் நடுவர் மூன்றுவரை எண்ணிவிடுகிறார். அதே முகத்தோடு இன்னொரு நடுவர் ரிங்குக்குள் வருகிறார். டேவ் ஹெப்னர், ஏர்ல் ஹெப்னர், நிஜமாகவே இரட்டையர்கள். ஆறாம் வகுப்புப் பையன் அந்த இடத்தில் என்ன சொல்கிறான் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்