பேக்பைப்: தனியாக இனிக்கிறது, சேர்ந்தால் கசக்கிறது

கேள்வி: எங்கள் பள்ளி பாண்டில் 6 பேர் பேக்பைப் வாசிக்கிறார்கள். தனித்தனியே நன்றாக இருக்கிறது, சேர்ந்தால் அபசுரம். ஏன்?
– பாலக்கோடு வாசகி

பதில்: முதலில் காற்றைக் கவனியுங்கள். ஊதும்போது பையை அணைத்த இடது கை தளர வேண்டும். மூச்சு இழுக்கும்போது அதே கை அமுக்க வேண்டும். இரண்டும் கைமாறும் நொடியில் அழுத்தம் கூடினால் சாண்டரின் (விரல் வைத்து வாசிக்கும் துளைக்குழல்) சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஆறு பேருக்கு ஆறு வேளையில் இது நடந்தால் காது கூசத்தான் செய்யும். சாண்டரையும், விடாமல் ஒரே சுரம் ஒலிக்கும் மூன்று டிரோன் குழல்களில் இரண்டையும் கார்க்கால் அடைத்து, மிஞ்சிய ஒன்றை மட்டும் 5 நிமிடம் அசையாமல் ஒலிக்கவிடுவது நல்ல பயிற்சி. எல்லாத் துளைகளையும் அடைத்து ஊதிய பை சீக்கிரமே தளர்ந்தால் கசிவு உண்டு; இணைப்புகளில் மெழுகு நூலை இன்னும் சில சுற்று சுற்றுங்கள்.

சுருதி சேர்ப்பதை வந்தவுடன் தொடங்காதீர்கள். சாண்டரில் ஒலி எழுப்பும் ரீடும் நாகசுரச் சீவாளி போல இரட்டை நாக்குதான். சூடும் ஈரமும் ஏறும்வரை நிலைக்காது. 15 நிமிடம் வாசித்தபின், பைப் மேஜராக (குழுத் தலைவராக) நிற்பவர் ஒருவரே எல்லாருடைய சாண்டரையும் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். ரீடை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும்; மேல் சுரங்கள் அதிகமாக ஏறும். அவை மட்டும் தூக்கலாக நின்றால் அந்தத் துளையின் மேல்விளிம்பில் கொஞ்சம் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். டிரோன் கடைசியில்தான்: டெனர் என்னும் சிறிய டிரோன் இரண்டும் சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் என்னும் பெரியது இரண்டு ஸ்தாயி கீழே. குழலை நீட்டினால் சுருதி இறங்கும். சுருதி சேராதபோது ஒலி ஏறி இறங்கும் அலையடிப்பு அடங்கும் இடமே சரியான இடம்.

தர்மபுரி சித்திரை வெயிலில் ரீட் காய்ந்து வாய் மூடிக்கொள்ளும். சாண்டரை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: விரல் நுனியால் துளை மூடலாமா?
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: கூடாது, கசியும். சாண்டரின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் கையில் விரலின் நடுப்பகுதியால், தட்டையாக.

கேள்வி: நம் ராகங்கள் வருமா?
– ஓசூர் வாசகர்

பதில்: உள்ளவை 9 சுரங்கள். டிரோனின் சட்ஜத்தை வைத்தால் அது அப்படியே அரிகாம்போதி. மோகனமும் மத்தியமாவதியும் அதற்குள் அடங்கும். பிரதி மத்திமம் இல்லாததால் கல்யாணி வராது. சட்ஜத்துக்குக் கீழே நிஷாதம் ஒன்றே உண்டு. மந்திர பஞ்சமம் தொடும் பாட்டை விட்டுவிடுங்கள். காற்று நிற்காத கருவி இது. 'ஸ ஸ' என்று இருமுறை ஒலிக்க, நடுவில் வேறொரு விரலைச் சட்டென்று எடுத்து வைத்து வெட்ட வேண்டும். சட்ஜம் ஆறரைக் கட்டைக்குச் சற்று மேலே நிற்பதால் பள்ளி ஹார்மோனியத்தோடு சேர்க்க முயலாதீர்கள்.