கிரைசாவ் கிராமத்தின் கதை: கேள்வி பதில்

கேள்வி: இந்தக் கிரைசாவ் ஜெர்மனியில் இருக்கிறதா, போலந்திலா? இரண்டு மாதிரியும் படித்துவிட்டேன்.

பதில்: இன்றைக்குப் போலந்து. கீழ் சிலேசியாவில் ஸ்விட்னிட்சா நகருக்குப் பக்கத்தில், க்ஷிஜோவா என்ற பெயரில் இருக்கிறது. 1945 வரை ஜெர்மனி. அதற்கும் முன்னால் ஆஸ்திரியா, 1740களில் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் சிலேசியாவைப் பிடுங்கிக்கொள்ளும் வரை.

கேள்வி: மோல்ட்கே குடும்பம் அங்கே பரம்பரை ஜமீனா?

பதில்: இல்லை. 1866 போரில் ஆஸ்திரியாவைத் தோற்கடித்ததற்காகப் பிரஷ்யத் தளபதி மோல்ட்கேவுக்கு அந்த நாட்டு அரசு பணம் கொடுத்தது. அதில் 1867ல் வாங்கிய பண்ணைதான் அது.

கேள்வி: ஹிட்லருக்குக் குண்டு வைத்தது இந்த ஊர்க் கும்பல்தானே?

பதில்: பலரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். 1944 ஜூலை 20ல் குண்டு வைத்தவர் ஜெர்மன் ராணுவ அதிகாரி ஷ்டௌஃபன்பெர்க். கிரைசாவில் கூடியவர்கள் பேசியது வேறு: ஹிட்லர் ஒழிந்த பிறகு ஜெர்மனியை எப்படி நடத்துவது என்பது. தளபதியின் சகோதரர் வழியில் வந்த வழக்கறிஞர் ஹெல்முட் ஜேம்ஸ் மோல்ட்கேதான் மையம். 1942லும் 1943லுமாக மூன்று முறை அவர் வீட்டில் கூடினார்கள். கொலை வேண்டாம் என்பதுதான் அவர் கட்சி, ஆனால் யோர்க் போன்ற சில நண்பர்கள் பிறகு ஷ்டௌஃபன்பெர்க்கோடு சேர்ந்துகொண்டார்கள். குண்டு வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்பே, 1944 ஜனவரியில் மோல்ட்கேவைப் பிடித்துவிட்டார்கள். 1945 ஜனவரி 23 அன்று பெர்லினில் தூக்கு. அவருடைய கடிதங்களை மனைவி ஃப்ரேயா தேனீப் பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

கேள்வி: போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: யாருமே கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன், நன்றி. ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கே இருந்த நிலம் போலந்தின் கைக்கு வந்ததும் ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். காலியான வீடுகளுக்குப் போலந்துக்காரர்கள் வந்தார்கள், சிலேசியாவுக்கு அப்படி வந்தவர்களில் நிறையப் பேர் சோவியத் எடுத்துக்கொண்ட கிழக்குப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டவர்கள், அதாவது சொந்த வீட்டை இழந்தவன் இன்னொருவன் இழந்த வீட்டில் குடியேறினான். மோல்ட்கே பண்ணை அரசுப் பண்ணை ஆனது, மாளிகை கவனிப்பாரில்லாமல் சிதைந்தது. எல்லையாவது நிலைக்குமா என்றால் அதுவும் உறுதியில்லை: கிழக்கு ஜெர்மனி 1950லேயே ஒப்புக்கொண்டது, மேற்கு ஜெர்மனி 1970ல், முழுசாக முடிந்தது 1990 நவம்பர் 14 ஒப்பந்தத்தில்தான். இந்த நாற்பது சொச்ச வருஷத்தைப் புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன, எனக்கு எரிச்சல் வருவது அதில்தான்.

கேள்வி: மேற்கு ஜெர்மனி சான்ஸலர் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் கட்டித்தழுவிய படம் இங்கே எடுத்ததா?

பதில்: 1989 நவம்பர் 12, பண்ணை முற்றத்தில் நடந்த திருப்பலி. கோல் வார்சாவில் இருந்தபோதுதான் பெர்லின் சுவர் திறந்தது, அவசரமாக ஊருக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். திருப்பலிக்கு முதலில் அவர் கேட்டது சிலேசியாவிலேயே இருக்கும் அன்னாபெர்க் குன்றை. 1921ல் ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களும் சண்டையிட்ட இடம் அது என்பதால் எதிர்ப்பு வந்தது, அப்புறம்தான் கிரைசாவ்.

கேள்வி: இப்போது போனால் பார்க்க ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. பண்ணையைச் சீரமைத்து 1998ல் சர்வதேச இளைஞர் சந்திப்பு மையம் திறந்தார்கள். மாளிகையோடு நின்றுவிடாமல் அந்த மூன்று கூட்டங்களும் நடந்த மேட்டு வீட்டுக்கும் நடந்து போய்ப் பாருங்கள். 2007 டிசம்பரிலிருந்து ஜெர்மனி-போலந்து எல்லையில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனையை எடுத்துவிட்டார்கள், ஆனால் நடுநடுவே தற்காலிகச் சோதனை வரும், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.