சாம்பல் இல்லாத பீனிக்ஸ் – கடிதம்

வணக்கம் சார்,
இரண்டு வருடம் நடத்திய டிபன் கடையை மூடி எட்டு மாதம் ஆகிறது. கடன் இருக்கிறது. சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் படத்தைப் போனில் வைத்துத் தினமும் பார்க்கிறேன். ஆனால் எழ முடியவில்லை. என்னிடம் என்ன குறை? நம் புராணங்களிலும் இப்படி ஒரு பறவை உண்டா? கையில் பீனிக்ஸைப் பச்சை குத்திக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன்.
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கை, உங்கள் காசு. கடன் அடைந்தபிறகு குத்திக்கொள்ளுங்கள். புராணக் கேள்வியை விடுங்கள், அது 'எங்களிடம் அப்போதே இருந்தது' என்பதில்தான் போய் முடியும்.

எனக்கு அந்தச் சாம்பலோடுதான் சண்டை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய பீனிக்ஸ் கதையில் நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. 500 வருடத்துக்கு ஒருமுறை, அப்பன் பறவை செத்ததும், மகன் அதை அரேபியாவிலிருந்து எகிப்தின் சூரியன் கோயிலுக்குச் சுமந்து வருகிறது. சும்மா தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவதில்லை. முதலில் வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினில், தன்னால் தூக்க முடிகிற அளவில், ஒரு முட்டை உருட்டும். அதைத் தூக்கிப் பார்க்கும். முடியும் என்று தெரிந்தபிறகே குடைந்து, அப்பனை உள்ளே வைத்து, துளையை அடைக்கும். கனம் பழையபடியே இருக்கும். (தனக்கு இதில் நம்பிக்கையில்லை என்று ஹெரோடோட்டஸே சொல்லிவிடுகிறார். பறவையைப் படத்தில் மட்டும்தான் பார்த்தாராம், உங்களைப் போல.)

நெருப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமில் பிளினி எழுதும்போதுகூட, செத்த பறவையின் எலும்பிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் முதலில் வருவது ஒரு புழு. அதுதான் குஞ்சாகிறது. புழுவை யார் போனில் வைப்பார்கள்? எட்டே மாதத்தில் சிறகோடு எழவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். இவ்வளவு புலம்பலில் கடன் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தாளில் கூட்டிப் பார்த்தீர்களா? பறவையே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியது ஐயா!

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது எனக்கு 31 வயது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப்போய் முதல் நாளே இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அம்மா, "பெரியவரை விடுங்க, முதல்ல தம்பியைத் தூக்கிப் பழகுங்க" என்றார். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவனைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் செத்ததுபோல் கிடக்கச் சொல்லி, மூன்று நாள் தூக்கினேன். சிரித்துச் சிரித்தே கனத்தைக் கூட்டினான் படுபாவி.

நாலாம் நாள் அப்பாவின் இடுப்பில் துண்டைக் கட்டி, முட்டிக்கு முட்டி கொடுத்துத் தூக்கினேன். தம்பிக்கு வேண்டிய பலத்தைக் கையில் வைத்திருந்தேன். அப்பா சட்டென்று மேலே வந்துவிட்டார். கோணிய வாயோடு கேட்டார்: "அவன் கனமா, நான் கனமா?"

"நீங்கதான்ப்பா" என்றேன்.