அப்கார் மதிப்பெண் 8 என்றால் குழந்தைக்கு ஏதாவது குறையா?
பிறந்த முதல் நிமிடத்தில் 8, ஐந்தாவது நிமிடத்தில் 9 என்று எழுதியிருக்கிறார்கள், ஏன் 10 வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படவே வேண்டாம். 7 முதல் 10 வரை எல்லாமே நல்ல மதிப்பெண்தான்.

பிறந்ததும் குழந்தை எப்படி இருக்கிறது என்று மதிப்பிட அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் உருவாக்கிய முறை இது. இதயத் துடிப்பு, மூச்சு, தசைகளின் விறைப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா என்பது, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0, 1 அல்லது 2 போடுவார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் 2. ஓங்கி அழுதால் மூச்சுக்கும் 2.

பெரும்பாலும் குறைவது நிறத்தில்தான். உடம்பெல்லாம் நல்ல நிறத்துக்கு வந்திருக்கும், குட்டிப் பாதமும் உள்ளங்கையும் மட்டும் நீலம் பாரித்திருக்கும். ரத்த ஓட்டம் விரல் நுனிவரை சீராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் முதல் நிமிடத்திலேயே 10 வாங்கும் குழந்தைகள் அபூர்வம். இந்த மதிப்பெண்ணை வைத்துக் குழந்தையின் பிற்கால அறிவைக் கணிக்கவும் முடியாது.

அப்புறம், மூச்சுவிடாத குழந்தைக்கு மதிப்பெண் போடும்வரை யாரும் காத்திருப்பதில்லை. துடைத்து, முதுகை நீவி, தேவைப்பட்டால் முகமூடி வழியே காற்றும் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஐந்தாவது நிமிடத்திலும் 7-க்குக் கீழே இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம்வரை மறுபடி பார்ப்பார்கள்.