விலையை ஏற்றுக் கடிதம் கொடுத்த பிறகு பணம் திரும்புமா?

கேள்வி: மதுரையில் கண்ணாடிப் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறேன். சீனாவிலிருந்து வந்த கன்டெய்னரைத் தூத்துக்குடி சுங்கத்தில் நிறுத்தி, விலையைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்லி மதிப்பில் 5 லட்சம் ஏற்றிவிட்டார்கள். என்னிடம் உண்மையான பில் இருந்தும் கேட்கவில்லை. டெமரேஜ் (சரக்கைத் தாமதமாக எடுப்பதற்கான கட்டணம்) ஏறியதால், கிளியரிங் ஏஜென்ட் நீட்டிய கடிதத்தில் கையெழுத்திட்டு 2,19,800 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். ஐந்து மாதமாகிறது. பணம் திரும்புமா? ஏஜென்ட் மீது வழக்குப் போடலாமா?

பதில்: அதிகாரி பேசிய விதம், ஏஜென்டின் அவசரம் எல்லாம் இருக்கட்டும். கடிதத்தில் ‘ஏற்றிய மதிப்பை ஏற்கிறேன்’ என்று இருக்கிறதா? இருந்தால், சுங்கச் சட்டம் 17(5)இன்படி மதிப்பை ஏன் ஏற்றினோம் என்று காரணம் எழுதிய உத்தரவை அவர்கள் தர வேண்டியதில்லை. மதிப்பீட்டை மேல்முறையீட்டில் மாற்றாமல் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று 2019இல் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேல்முறையீட்டுக்கு 60 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 30. அதுவும் போய்விட்டது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று யாராவது சொன்னால், அதன் மதுரைக் கிளையிலும் முதலில் படிப்பது உங்கள் கடிதத்தைத்தான்.

கட்டிய தொகையைப் பிரித்துப் பாருங்கள். 5 லட்சத்துக்கு அடிப்படை வரி 20 சதவீதம், 1 லட்சம். சமூக நல சர்சார்ஜ் 10,000. மீதி 1,09,800 ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி. அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, விற்பனையில் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழிக்கலாம், அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை. ஆக, உண்மையில் போனது 1,10,000. அதற்காக ஏஜென்டோடு கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் ஃபீஸ்தான் மிஞ்சும். அவரது கமிஷனில் கழித்துக்கொண்டு விஷயத்தை முடியுங்கள்.

நான் பயப்படுவது வேறு. நீங்கள் ஒப்புக்கொண்ட விலை இப்போது சுங்கத்தின் தரவில் ஏறியிருக்கும். அடுத்த கன்டெய்னருக்கு அதையே அளவுகோலாக நீட்டுவார்கள். பழைய இறக்குமதிகளையும் கிளறி, குறைவாகக் கட்டிய வரியைக் கேட்டுப் பிரிவு 28இல் நோட்டீஸ் வரலாம். சாதாரணமாக 2 ஆண்டு, மறைத்ததாகச் சொன்னால் 5 ஆண்டு வரை பின்னோக்கிப் போவார்கள். கையெழுத்துப் போட்டுச் சரக்கை எடுத்து, பிறகு இப்படி மாட்டிக்கொண்டு வந்த கட்சிக்காரர்கள் என்னிடம் உண்டு. ‘அப்போதே ஒப்புக்கொண்டீர்களே’ என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

அதனால் பழைய பில் ஒவ்வொன்றுக்கும் வங்கி வழியே பணம் அனுப்பிய ஆதாரம், ஆர்டர் கடிதம், விலைப்பட்டியல் மூன்றையும் இப்போதே கோப்பில் சேருங்கள். வங்கிக்கு வெளியே சப்ளையருக்கு ஒரு ரூபாயாவது கொடுத்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், பேச்சே வேறு.

அடுத்த முறை கடிதம் கேட்டால் கொடுக்காதீர்கள். எதிர்ப்புத் தெரிவித்தே கட்டி, உத்தரவை எழுத்தில் கேளுங்கள், 15 நாளில் தர வேண்டும். டெமரேஜுக்குப் பயமாக இருந்தால், பிரிவு 49இல் கிடங்குக்கு மாற்ற அனுமதி கேட்கலாம். கிடங்கு வாடகை உண்டுதான், பெரும்பாலும் டெமரேஜை விடக் குறைவாகவே வரும்.