வீடு, வட்டி, தனிமை: மூத்தோர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் பதில்

கேள்வி: வயது 71. வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்கிறான் மகன். மறுத்தால் பேச்சுவார்த்தை நின்றுவிடுமோ என்று பயம்.

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. செட்டில்மென்ட் பத்திரம் பதிவானால் வீடு கைமாறிவிடும். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும்; நடுவில் மாற்றியும் எழுதலாம். "உயில் எழுதி வைக்கிறேன்பா" என்று மகனிடம் சொல்லிப் பாருங்கள். செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், ஆயுள்வரை அங்கே குடியிருப்பீர்கள், சாப்பாடும் மருத்துவமும் அவர் பொறுப்பு என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். "பையன்தானே, அதெல்லாம் எதுக்கும்மா" என்பார்கள். விடாதீர்கள். அந்த நிபந்தனை இருந்தும் மகன் கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கேள்வி: கையில் 12 லட்சம் இருக்கிறது. மாதச் செலவுக்கு மகளிடம் கேட்கக் கூசுகிறது.

பதில்: 2 லட்சத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வங்கியில் தனியாக வையுங்கள். மீதி 10 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். ஐந்து வருடக் கணக்கு. நாமினி பெயரை மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: முதியோர் உதவித்தொகை வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்?

பதில்: தகுதி இருந்தால் வாங்குங்கள் ஐயா. மாதம் 1,200 ரூபாய், உங்கள் மாத்திரைக்கு ஆகும். காலமெல்லாம் உழைத்தவருக்கு இதில் கூச்சம் எதற்கு?

கேள்வி: மனைவி தவறிவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். பென்ஷனுக்குக் குறைவில்லை. ஆனால் யாருக்காக இருக்கிறேன் என்று தோன்றுகிறது.

பதில்: ஐயா, இந்த எண்ணம் ராத்திரியில் அழுத்தினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பகலில் முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளிடமும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி முடித்துவிடாமல், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. ஏடிஎம் கார்டு இருந்தும், பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பென்ஷன் தேதியில் வங்கிக்கு வரும் பெரியவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். பலருக்குச் செலான் நிரப்பத் தெரியாது. நவம்பரில் ஆயுள் சான்றிதழுக்கு வந்து, செல்போனில் ஓடிபி எங்கே வந்தது என்று தெரியாமல் தவிப்பார்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் காலையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் அவர்களுக்கு எவ்வளவு ஒத்தாசை! மேலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள் ஐயா.